சத்தம் போட்ட மாப்பிள்ளை ஜோடு

என் கல்யாணத்துக்கு என் அப்பா செய்த காரியங்களிலேயே என்னை அதிகம் படுத்தியது மாப்பிள்ளை காலுக்கு எடுத்த ஜோடுதான். நகை குறைந்தது என்று யாரும் சண்டை போடவில்லை. பந்தியில் பாயசம் தீர்ந்துபோனதற்குக்கூட யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்த ஜோடு மட்டும் கல்யாணம் முடிந்த கையோடு என் பின்னாலேயே மலை ஏறி வந்து, வாசலில் உட்கார்ந்துகொண்டு என் உயிரை வாங்கியது.

முள்ளுக்குறிச்சியைச் சுற்றின எங்கள் ஊர்களில் அப்போதெல்லாம் நல்ல ஜோடு என்றால் சத்தம் போட வேண்டும். பெரிய மனிதர் தெருமுனையில் திரும்பும்போதே ‘கிறீச், கிறீச்’ என்று கேட்க வேண்டும். கட்டிலில் சாய்ந்திருப்பவன் எழுந்து உட்கார வேண்டும். சத்தமில்லாமல் நடக்கிறவன் இல்லாதப்பட்டவன், அல்லது கள்ளன். இப்படி ஒரு நினைப்பு. ஜோடு தைப்பவரிடம் சொல்லியே சத்தம் வைக்கச் சொல்வார்கள். அவரும் அடித்தோலுக்கும் மேல்தோலுக்கும் நடுவில் எதையோ வைத்துத் தைத்துக் கொடுப்பார். என் அப்பா ஒரு பொழுது முழுக்க அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, முன்பக்கம் மூடின, பூட்ஸும் இல்லாத செருப்பும் இல்லாத ஒரு ஜோட்டைத் தைத்து வாங்கிக்கொண்டு வந்தார். “மாப்ள நடந்தார்னா பத்து ஊட்டுக்குக் கேக்கோணும் கண்ணு” என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். பத்து வீடா? பக்கத்து மலைக்கே கேட்டது.

என் வீட்டுக்காரருக்கு அம்மை குத்துகிற உத்தியோகம். பெரியம்மை வராமல் இருக்க, குழந்தைகளின் கையில் அம்மைப்பாலைத் தடவி ஊசியால் கீறிவிடுகிற வேலை. சர்க்கார் வேலைதான். ஒரு தகரப் பெட்டி, ஒரு காக்கிச் சட்டை, எங்கே போனாலும் வசவு. கல்யாணம் ஆன வருஷமே அவரைக் கொல்லிமலையில் குண்டூர் நாட்டுப் பக்கம் போட்டார்கள். அப்போது மலைக்கு பஸ் கிடையாது. பெட்டியையும் என்னையும் பாத்திர மூட்டையையும் நடத்தியே ஏற்றினார். வழியெல்லாம் அந்த ஜோடு ‘கிறீச், கிறீச்’ என்றது. குரங்குகள்கூட மரத்தில் நின்று எட்டிப் பார்த்தன. எனக்கு மானமே போயிற்று.

மலைச் சனங்களுக்கு அம்மை குத்துவது என்றால் பயம். அம்மை என்பது ஆத்தா வந்து விளையாடுவது, அவள் வருவதற்கு முன்னாலேயே ஊசி போட்டுத் தடுத்தால் கோபித்துக்கொண்டு குடும்பத்தையே வாரிக்கொண்டு போய்விடுவாள் என்று நம்பினார்கள். அதனால் இவர் தலை தெரிந்ததும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். தலை தெரிய வேண்டியதே இல்லையே, ஜோடுதான் முன்னால் போய்ச் சேதி சொல்லிவிடுகிறதே! ஊருக்குள் செருப்போடு போகக் கூடாது என்று அங்கே ஒரு கட்டு உண்டு. இவரும் எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் மரியாதையாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவார். ஆனால் கல் வந்து சேர்வதற்குள் ஊர் காலியாகியிருக்கும். அடுப்பில் களி கொதித்துக்கொண்டிருக்கும், கிண்ட ஆள் இருக்காது.

“ஏனுங்க, அதைக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டுப் போனா ஆகாதுங்களா?” என்று கேட்டேன்.

“ஜோட்டைக் கையில தூக்கிட்டுப் போறவனுக்குக் கள்ளன்னு பேரு. நான் சர்க்கார் ஆளு” என்றார். போதாததற்கு அவருக்கு ஆணிக்கால். பாறையில் வெறுங்காலை வைத்தால் உயிர் போகும். வேறு ஜோடு எடுக்கலாம் என்றால், மாமனார் தைத்துக் கொடுத்ததை ஒதுக்கினால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்பார். ஆக, போடவும் முடியாது, கழற்றவும் முடியாது. நடுவில் நான் ஒருத்தி, தினமும் இந்தப் புலம்பலைக் கேட்க.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதியாக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அந்த வருஷம் சிரிப்பு வரவில்லை. அடிவாரத்து ஊர்களில் பெரியம்மை கண்டிருந்தது. வேப்பிலை கட்டாத தெருவே இல்லை என்று சந்தைக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். அது மலை ஏறுவதற்கு முன்னால் குத்தியாக வேண்டும். வேறு யாரைப் பற்றி நினைத்தேனோ இல்லையோ, ஒரு குழந்தையைப் பற்றி நினைக்காமல் என்னால் சோறு தின்ன முடியவில்லை.

எங்கள் வீட்டுக்குத் தேனும் வாழைக்காயும் கொண்டுவருகிற ஒரு பெண் இருந்தாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. என் வயசுதான் இருக்கும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, தவழக்கூட ஆரம்பிக்காதது. என்னைக் கண்டால் பொக்கை வாயைத் திறந்து, என் தாலிக்கொடியைப் பிடித்து இழுக்கும். எனக்கு அப்போது குழந்தை இல்லை. அது வந்துவிட்டுப் போனால் வீடு கொஞ்ச நேரம் வெறிச்சென்று ஆகிவிடும்.

அவளோடு எப்போதும் அவள் மாமியாரும் வருவாள். மாமியார் என்றால் கிழவி இல்லை. மூட்டை தூக்கினால் ஆண்பிள்ளைகளை முந்திக்கொண்டு நடக்கிற பெண்பிள்ளை. முகமெல்லாம் அம்மைத் தழும்பு. தான் பெற்ற பிள்ளைகளில் இரண்டை அம்மைக்குக் கொடுத்தவள். குழந்தைக்குக் குத்திவிடலாம் என்று நான் வாயெடுத்தாலே அவளுக்கு முகம் கடுத்துவிடும்.

“அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம் அம்மிணி. ஆத்தா கேட்டா நாங்க குடுத்தோம். குறுக்க நிக்கறதுக்கு நாம யாரு?” என்பாள். மருமகள் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நிற்பாள். சரிதான், மாமியார் சொல்வதற்கு மேல் இவளுக்குச் சொந்தப் புத்தி கிடையாது போலிருக்கிறது என்று நான் எரிச்சல்பட்டிருக்கிறேன்.

இவரோ அந்த ஊருக்குப் போவதும், ஆளில்லாத வீடுகளைப் பார்த்துப் பல்லைக் கடித்துவிட்டுத் திரும்புவதுமாக இருந்தார். அம்மைப்பால் வேறு நாள்பட்டால் வீரியம் போய்விடும். ஈரத்துணியில் சுற்றி மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றினதெல்லாம் வீணாகிவிடும். ஒவ்வொரு தடவையும் வாசலில் ஜோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, “எல்லாம் இந்தச் சனியனால” என்பார். சரி, இந்தச் சனியனை ஒரு கை பார்த்துவிடுவது என்று நான் முந்தானையைச் செருகிக்கொண்டேன்.

முதலில் விளக்கெண்ணெய். தோல் காய்ந்தால்தான் கத்தும், எண்ணெய் விட்டால் அடங்கும் என்பது என் யோசனை. உள்ளும் புறமும் ஊற ஊறத் தடவி வெயிலில் வைத்தேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது போல்தான் இருந்தது. ஆனால் எண்ணெய் அடியில் இறங்கியிருந்ததை யார் கண்டார்கள்? இவர் பாறையில் கால் வைத்தார், வழுக்கினார், பெட்டியோடு ஓடைக்குள் போய் உட்கார்ந்தார். வந்து என்னைக் கத்தின கத்தலில் ஜோட்டுச் சத்தமே தேவலை என்று ஆகிவிட்டது.

அடுத்தது மாவு போட்டால் உராயாது என்று அவருக்கே ஒரு ஞானோதயம். என்ன மாவு என்று கேட்டுவிட்டுப் போட்டாரா? என் கல்யாணச் சீரில் வந்த ஒரே ஒரு பவுடர் டப்பா, நோம்பி, திருநாளுக்கு மட்டும் எடுத்துப் பூசிக்கொண்டு மூடி வைத்திருந்தது, அதைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டார். நடக்க நடக்க ஒவ்வொரு அடிக்கும் பக்கவாட்டில் வெள்ளைப் புகை வந்தது. வாசனைக்குக் குறைச்சலில்லை. சத்தமும் குறையவில்லை.

“உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்குதுங்களா?” என்றேன்.

“வாசனையா வருதே” என்றார். அந்த மனுஷனை என்ன செய்வது?

பிறகு தேன்மெழுகை உருக்கித் தையல் ஓரமெல்லாம் ஊற்றினேன். அடுத்த நாள் காலையில் பார்த்தால் எறும்பு. மெழுகில் தேன் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஈர மணலில் புதைத்து வைத்தேன். தோல் ஊதிப்போய், அடுப்போரம் காய்ந்ததும் மரக்கட்டையாக விறைத்து, முன்னைவிட ஒரு கட்டை கூட்டியே பாடியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் அவர் முகத்தில் “நான்தான் சொன்னேனே” என்று ஒரு களை வரும். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

கடைசியில் மானத்தை விட்டு, கீழே சந்தைக்குப் போகிற ஒருவரிடம் ஜோட்டைக் கொடுத்து, “சத்தம் சரிப்படலை, தைச்சவர்கிட்டயே குடுத்துப் பார்க்கச் சொல்லுங்க” என்று என் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அடுத்த சந்தைக்கு ஜோடு திரும்பி வந்தது. புது அடித்தோல் போட்டு, எண்ணெய்க்கறையெல்லாம் துடைத்துப் பளபளவென்று இருந்தது. அப்பாடா என்று இவர் காலை நுழைத்து ஓர் அடி வைத்தார். வீட்டுக் கூரையிலிருந்து பல்லி விழுந்தது. அப்படி ஒரு சத்தம். கொண்டுவந்தவர் சிரித்துக்கொண்டே அப்பாவின் சேதியைச் சொன்னார்: “சத்தம் கம்மியாயிருச்சுன்னு மாப்ள வருத்தப்பட்டாராமா. இந்தத் தடவை நல்லா அழுத்தமா வெச்சுத் தரச் சொல்லியிருக்கறேன், இனிக் குறையே இருக்காதுன்னு சொல்லுன்னாருங்க.”

நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவரைக் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்? ஜோட்டுச் சத்தம் வேண்டாம் என்று ஒரு மாப்பிள்ளை சொல்வான் என்பது அவர் புத்திக்கு எட்டவே எட்டாத விஷயம். உப்பு கரிக்காமல் இருக்க வேண்டும் என்று கேட்டால் எப்படியோ அப்படி.

அன்றைக்கே கோணி ஊசியையும் கத்தியையும் எடுத்தேன். “ஐயையோ, மாமா எடுத்துக் குடுத்தது” என்று இவர் பதறினார். “உங்க மாமாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன், நீங்க தள்ளி நில்லுங்க” என்றேன். தையலை அறுத்து அடித்தோலைப் பிரித்தால், உள்ளே காய்ந்த பனையோலை நறுக்குகள், ஒன்றன்மேல் ஒன்றாக, எவ்வளவு அக்கறையாக அடுக்கியிருக்கிறார்கள்! அத்தனையையும் அள்ளி அடுப்பில் போட்டேன். அந்த இடத்தில் பழஞ்சேலைத் துணியை மடித்து வைத்து, விரலெல்லாம் குத்து வாங்கி, தோலை மறுபடி சேர்த்துத் தைத்தேன். அழகாக இல்லைதான். ஆனால் இவர் வீட்டுக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார், மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. அந்தக் குழந்தையின் கையில் தழும்பு விழுந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் புது அம்மைப்பாலோடு கிளம்பினார். மத்தியானத்துக்கு முன்பே திரும்பினார். சட்டைக் கை கிழிந்திருந்தது. பெட்டி நசுங்கியிருந்தது. அம்மைப்பால் குழல்கள் உடைந்து துணியோடு ஒட்டிக் கிடந்தன.

சத்தமில்லாமல் போய் எல்லைக் கல்லில் ஜோட்டைக் கழற்றிவிட்டு ஊருக்குள் நுழைந்திருக்கிறார். ஊரே இருந்திருக்கிறது. அதுதான் வினை. ஒருத்தி கூரைக்கு வெளியே குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள், முதுகுக்குப் பின்னால் காக்கிச் சட்டையைப் பார்த்து வீரிட்டிருக்கிறாள். அவ்வளவுதான். ஓடிப் பழகினவர்களுக்கு ஓட நேரமில்லாமல் போனதும் பயம் கோபமாகிவிட்டது. நாயை அவிழ்த்து விட்டார்கள். ஊர்ப் பெரியவர் தடியோடு வந்து, “கள்ளனாட்டம் பதுங்கி வாரீங்களே, உங்களுக்கு வெக்கமாயில்லீங்களா?” என்று கேட்டிருக்கிறார். சர்க்கார் ஆளைக் கள்ளன் என்று சொல்லிவிட்டார்கள் என்பதில்தான் இவருக்கு நாய் கடித்ததைவிட வலி. தேன் கொண்டுவருகிற அந்தப் பெண்ணின் வீட்டில் மாமியார் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு மருமகளையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாளாம். இவர் கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அந்தப் பெண் வந்தாள். தனியாக. அப்படி அவள் வந்ததே இல்லை. விறகுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்திருந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. வா என்று சொல்லக்கூட விடவில்லை.

“ஏனுங்க அக்கா, அந்தச் சத்தத்தை எதுக்குங்க நிறுத்துனீங்க?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. “என்ன புள்ள சொல்றே?”

“அய்யா வாராருன்னு சத்தம் கேட்டா ஊரு சனம் பூராக் காட்டுக்குள்ள ஓடிப் போயிருமுங்க. என்ர மாமியாளும் ஓடிப் போயிரும். ஆளுக்கொரு மூலையில ஒளிஞ்சுக்குவோமுங்க. ஒருத்தருக்கொருத்தர் கண்ணு காணாது. அந்நேரம் நான் மொளகுக் கொடிக்குள்ளாற பூந்து திரும்பி வந்தா, ஊருல அய்யாவும் நானும் மட்டுந்தானுங்க இருப்போம். புள்ளைக்குக் குத்திக்கிட்டு மறுபடி காட்டுக்குள்ள போயிரலாம்னு இருந்தேன். அதுக்குன்னே ஒவ்வொருக்காவும் வந்தேனுங்க.”

“வந்தியா? அப்புறம் ஏன் குத்திக்கலே?”

“அவரு நின்னாத்தானுங்களே!” என்று அவள் அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினாள். “ஊரு காலின்னு பாத்ததும், திட்டி வஞ்சுக்கிட்டே திரும்பிப் போயிருவாருங்க. நான் மூச்சு வாங்க வந்து பாத்தா முதுகுதான் தெரியும். கூப்பிட்டா ஊருக்குக் கேட்டுருமுங்க. ஒரு வாய் வெத்தலை போடற நேரம் உக்காந்திருந்தார்னா என்ர புள்ளைக்கு எப்பவோ குத்தியிருக்குமுங்க அக்கா.”

“அடிப் பாவி, இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“மாமியா எப்பவும் கூடவே வாராளே. எப்படிங்க சொல்றது?” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த வேகத்திலேயே போய்விட்டாள்.

நான் உள்ளே திரும்பினேன். கட்டிலில் இவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என் எண்ணெய் போச்சு, பவுடர் போச்சு, விரல் போச்சு, அப்பா எடுத்த ஜோடும் கெட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஜோட்டைச் சொல்லிச் சொல்லியே இந்த மனுஷன் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார்.

“கேட்டுச்சுங்களா?” என்றேன்.

“கேட்டுச்சு” என்றார், கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு.

“வெத்தலை போடற நேரமாம்!”

“அதான் கேட்டுச்சுன்னேனே.”

அடுத்த அம்மைப்பால் கீழேயிருந்து வந்து சேர்கிறவரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதற்குள் இன்னொரு சேதியும் வந்தது. சந்தைக்கு இறங்கிப்போன ஓர் ஆள் காய்ச்சலோடு மலைக்குத் திரும்பினானாம், மேலெல்லாம் முத்துப் போட்டிருக்கிறதாம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம்தான் அந்த ஆளின் வீடும். பால் வந்த அன்றைக்கே இவரைக் கிளப்பினேன். தனியாக அனுப்ப மனசு வரவில்லை. இவரை நம்பி விட்டால் மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பார். நானும் வருகிறேன் என்று கதவைச் சாத்தினேன்.

பள்ளத்தில் இறங்கும்போதுதான் நினைப்பு வந்தது. ஜோட்டில் சத்தம் இல்லை. சத்தம் இல்லாவிட்டால் ஊர் ஓடாது. ஊர் ஓடாவிட்டால் அவளால் வர முடியாது.

“ஒரு குரல் குடுங்க” என்றேன்.

“நானா? தமுக்கு அடிக்கிறவனா நானு?”

“உங்க கௌரவத்தைக் கொண்டுபோய் ஓடையில போடுங்க! ஒரு பச்சைப் புள்ளையோட உசுரு, அதுக்கு ஒரு தடவை கத்த முடியாதா?” என்று நான்தான் கத்தினேன். அவர் ஏதோ பதில் சொன்னார். நான் விடவில்லை. பவுடர் டப்பாவில் ஆரம்பித்து, விளக்கெண்ணெய், எறும்பு, பனையோலை, நாய்க்கடி என்று ஒன்று விடாமல் எடுத்தேன். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்தப் பள்ளத்தில் எதிரொலித்தது. அவரும் பதிலுக்கு எகிறினார். இரண்டு பேரும் கை கால் ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டு மேடு ஏறினோம். எதிர்ச் சரிவில் புதர்கள் அசைந்ததையும், யாரோ சிரித்துக்கொண்டே ஓடியதையும் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஊர் காலியாகிவிட்டிருந்தது.

எல்லைக் கல்லில் அவர் ஜோட்டைக் கழற்றினார். உள்ளே போய் ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்தோம். “வெத்தலை போடுங்க” என்றேன். போட்டார். எழுந்தார். சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். மறுபடி எழுந்து, “யாரும் வர மாட்டாங்க புள்ள, நேரம் போகுது, பால் சூடாயிரும்” என்றார். “வெந்தே போனாலும் சரி, உக்காருங்க” என்றேன். கோழி ஒன்று வந்து அவர் பெட்டியைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று.

மிளகுக்கொடிகள் அசைந்தன. அவள் வந்தாள். குழந்தையைச் சேலைக்குள் மூடி, குனிந்து, ஓடி வந்தாள். இவர் அவசரமாகப் பெட்டியைத் திறந்தார். அவள் என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து குழந்தையின் கையை நீட்டினாள். அவள் கை ஆட, குழந்தையின் கையும் ஆடியது. இவர் பாலைத் தடவிவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டு, கீற இடம் பிடிபடாமல் தவித்தார்.

“ஏ புள்ள!”

மாமியார் நின்றிருந்தாள். மருமகளைக் காட்டில் காணாமல் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். தலைமுடி அவிழ்ந்து, முள் கிழித்த காலில் ரத்தம். அந்தப் பெண் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். நான் எழுந்து குறுக்கே நின்றேன்.

மாமியார் என்னைத் தாண்டி இவரைப் பார்த்தாள். “குத்துனாச் சாவாதுங்களா?” என்று கேட்டாள்.

இவர் எப்போதும் சர்க்கார் பாஷையில் நீட்டி முழக்குகிறவர். அன்றைக்கு மட்டும், “காச்சல் வரும். தழும்பு விழும். சாவாது” என்றார்.

அவள் தன் கன்னத்துத் தழும்பைப் புறங்கையால் தேய்த்தாள். பிறகு வந்து மருமகளின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “உனக்குக் கை ஆடுது. இக்கட்டால, எங்கிட்டக் குடு” என்று குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். இரண்டு காலையும் ஒரு கையால் அமுக்கினாள். இன்னொரு கையால் அந்தச் சின்னக் கையைக் கெட்டியாகப் பிடித்தாள். அது அசையவில்லை.

தலையைத் தூக்கி மரத்துக்கு மேலே பார்த்து, பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவது போலத்தான் சொன்னாள்: “ஆத்தா, ரெண்டு குடுத்தேன், ஒரு வார்த்தை கேக்கலை. கோவம் இருந்தா எம்மேல வெச்சுக்கோ. இது ஒண்ணையாச்சும் எனக்கு உட்டுரு.”

இவர் ஊசியைப் பிடித்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் எத்தனை நேரம் பாத்துக்கிட்டே இருப்பீங்க?” என்று அவர் மேல் எரிந்து விழுந்தாள். கண்ணீர் தழும்புக் குழிகளில் தங்கித் தங்கி இறங்கிக்கொண்டிருந்தது. “குத்துங்க சாமி.”